மூணடி தள்ளி நின்னு பாருங்கய்யா!

இந்தப் பதிவில் கொஞ்சம் திட்டு இருக்கும். யாரைத் திட்டப் போகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "வயசாயிடுச்சு, கண்ணு தெரியல, இனிமே பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கிறதெல்லாம் நமக்கு ஒத்து வராது" என்று பிரஷ்ஷைக் கழுவி டப்பாவில் போட்டு மூடுகிற ஐம்பது வயதுக்காரர்களுக்குப் பாதி. அவர்களை அப்படி நினைக்க வைத்த கேமராக்காரர்களுக்கு மீதி.

"பி.காம். படிக்கிற உனக்கு இதுல என்னடா வேலை?" என்று என் வகுப்பு மக்கள் கேட்பார்கள். காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யாரோ ஒரு இங்கிலாந்துக்காரர் குட்டிப் பொம்மைக்கு வர்ணம் பூசுவதை வீடியோவில் பார்ப்பது என் வியாதி. அந்த வீடியோக்களின் கீழே "நானும் முப்பது வருஷம் அடிச்சேன், இப்ப கண்ணு போச்சு, எல்லாத்தையும் வித்துட்டேன்" என்கிற ரகப் புலம்பல்களைப் படித்துப் படித்துத்தான் இந்தக் கோபம்.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன முன்னுரை. வார்கேம் என்பது மேஜை மேல் நடக்கும் யுத்தம். ஆளுக்கொரு பொம்மைப் படை. டேப் வைத்து அளந்து நகர்த்த வேண்டும், பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். எச்.ஜி. வெல்ஸ், அதாவது கால இயந்திரக் கதை எழுதினாரே, அவரேதான், 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று இந்த விளையாட்டுக்கு ஒரு விதிப் புத்தகமே போட்டார். அதன் துணைத்தலைப்பிலேயே விளையாடுகிறவர்களுக்கு வயது வரம்பு சொல்லியிருப்பார்: 12 முதல் 150 வரை! புத்தகம் வந்தபோது அவருக்கே 46 வயது.

வெல்ஸ் காலத்து ஈயச் சிப்பாய்கள் கடையிலிருந்து வர்ணத்தோடு வந்தன, உயரமும் 54 மில்லிமீட்டர். இன்றைக்கு ஆட்டம் மாறிவிட்டது. 1975-ல் லண்டனில் மூன்று நண்பர்கள் ஆரம்பித்த கேம்ஸ் ஒர்க்‌ஷாப் என்ற கம்பெனி 1983-ல் வார்ஹாமர், 1987-ல் வார்ஹாமர் 40,000 என்று இரண்டு விளையாட்டுகளைக் கொண்டுவந்தது. இவற்றின் பொம்மைகள் சுமார் 28 மில்லிமீட்டர் அளவு. உங்கள் கட்டைவிரலின் மேல் கணு இருக்கிறதே, ஏறக்குறைய அவ்வளவுதான். பெட்டியைத் திறந்தால் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டுகள். வெட்டி, ஒட்டி, பெயிண்ட் அடிப்பது வாங்கியவர் தலையெழுத்து. பலருக்கு விளையாட்டைவிட இந்தப் பெயிண்ட் அடிக்கும் வேலைதான் உயிர்.

இப்போது கணக்குப் போடுங்கள். 1987-ல் பதினைந்து வயதில் முதல் பெட்டி வாங்கிய பையன் இன்றைக்கு ஐம்பதைத் தாண்டிய அங்கிள். அந்த முதல் தலைமுறை மொத்தமும் இப்போது ஒரே வியாதியோடு உட்கார்ந்திருக்கிறது.

அது வியாதிகூட இல்லை. வெள்ளெழுத்து. நம்ம பாட்டிமார் பாஷையில் சாளேஸ்வரம். மராத்திக்காரர்கள் இதையே 'சாளிஷி' என்பார்கள், நாற்பது என்ற எண்ணிலிருந்து வந்த சொல். வயதையே பெயராக வைத்துவிட்டார்கள், அவ்வளவு சரியாக வந்து சேரும். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் சின்ன வயதில் இளகலாக இருக்கும், கிட்டத்தில் பார்க்கும்போது உப்பிக்கொள்ளும். வயதாக ஆக அது இறுகிப்போகும். பத்து வயதுப் பிள்ளை சுமார் 7 சென்டிமீட்டர் பக்கத்தில் வைத்துக்கூடத் தெளிவாகப் பார்க்கும். நாற்பதில் அது 20 சென்டிமீட்டரைத் தாண்டும், ஐம்பதில் அரை மீட்டருக்குப் போய்விடும். பேப்பரைக் கை நீட்டி வைத்துப் படிப்பதும், ஊசியில் நூல் கோர்க்கப் பேரப்பிள்ளையைக் கூப்பிடுவதும் இதனால்தான். ராஜாவானாலும் ரிக்‌ஷாக்காரரானாலும் தப்ப முடியாது.

ஆக, நாற்பத்தைந்து வயதில் பொம்மையின் கண் மங்கலாகத் தெரிகிறது என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதற்காகக் கடையைக் கட்டுவதுதான் எனக்குப் பிடிபடவில்லை. காரணம் கேட்டால் எல்லோரும் ஒரே பதில் சொல்கிறார்கள்: "பொம்மையின் கண்ணுக்கு விழி வைக்க முடியல."

சரி, அந்த விழியையே எடுத்துக்கொள்வோம். எனக்குத் தெரிந்தது கணக்குதான், கணக்காகவே பேசுகிறேன்.

28 மில்லிமீட்டர் பொம்மையின் கண் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதற்குள் வைக்கும் விழிப்புள்ளி கால் மில்லிமீட்டர் தேறினால் அதிசயம். விளையாடும் மேஜை வழக்கமாக 6 அடிக்கு 4 அடி. நின்றுகொண்டு விளையாடும்போது உங்கள் படையே உங்கள் கண்ணிலிருந்து இரண்டரை, மூன்றடி தள்ளி இருக்கிறது. எதிராளி நிற்பது நாலடிக்கு அப்பால். டாக்டர் போர்டில் கடைசி வரை படித்து '6/6' வாங்கிய அருமையான கண் பிரித்துப் பார்க்கக்கூடிய அளவு, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. ஒரு மீட்டர் தூரத்தில் அது 0.29 மில்லிமீட்டர். நாலடியில் 0.35.

புரிகிறதா? நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்த அந்த விழி நேராகப் பார்க்கிறதா, மாறுகண்ணா என்று எதிரே நிற்கும் இருபது வயதுப் பயலுக்கே தெரியாது! அவன் கண் எவ்வளவு நல்ல கண்ணாக இருந்தாலும் தெரியாது. யாருமே பார்க்க முடியாத ஒரு புள்ளியை வைக்க முடியவில்லை என்பதற்காகவா சார் முப்பது வருஷப் பிரஷ்ஷைத் தூக்கிப் போடுகிறீர்கள்?

இது நான் கண்டுபிடித்த சித்தாந்தம் இல்லை. அந்த ஊர் விளையாட்டுக்காரர்களே காலகாலமாக 'மூணடி விதி' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். மூணடி தள்ளி நின்று பார்த்தால் நன்றாக இருக்கிறதா? இருந்தால் பொம்மை தயார். இதைவிட நியாயமான அளவுகோல் கிடையாது. பொம்மை எந்தத் தூரத்தில் பயன்படுகிறதோ அந்தத் தூரத்தில்தான் அதை எடைபோட வேண்டும். கோபுரத்துப் பொம்மையைச் சாரத்தில் ஏறி நின்று யாராவது மார்க் போடுவார்களா?

அப்புறம் எங்கே கெட்டுப்போனது? டிஜிட்டல் கேமரா வந்தது, கெட்டது. இப்போது பொம்மையை அடித்து முடித்ததும் முதலில் போவது மேஜைக்கு இல்லை, போட்டோவுக்கு. 15.6 அங்குல லேப்டாப் திரையின் உயரம் சுமார் 19 சென்டிமீட்டர். அதில் ஒரு பொம்மையை முழுசாகக் காட்டினால் கிட்டத்தட்ட ஏழு மடங்கு பெரிசு. ஆறடி மனுஷனை ஏழு மடங்கு ஆக்கினால் 42 அடி. நம்ம ஊர் தியேட்டர் வாசல் கட்அவுட் சைஸ்! அந்த சைஸில் பார்த்தால் எந்தக் கதாநாயகன் முகத்திலும் மேடுபள்ளம் தெரியத்தான் செய்யும். 0.2 மில்லிமீட்டர் பிசகிய கோடு திரையில் ஒன்றரை மில்லிமீட்டர் அசிங்கமாகத் தெரிகிறது. அதைப் பார்த்து ஒரு ஐம்பத்திரண்டு வயதுக்காரர் "சே, நம்ம கை போச்சு" என்று நொந்துபோகிறார். அவர் கை எங்கும் போகவில்லை. கேமராவின் கண்ணோடு தன் கண்ணைப் போட்டிக்கு விட்டால் யார்தான் ஜெயிக்க முடியும்?

வியாபாரிகளும் சும்மா இல்லை. கம்ப்யூட்டரில் வடிவமைக்க ஆரம்பித்த பிறகு ஒவ்வொரு பொம்மையிலும் மண்டையோடு, சங்கிலி, பை, பக்கிள், முத்திரை என்று திருவிழாக் கடை மாதிரி தொங்கவிடுகிறார்கள். பெட்டி மேல் இருக்கும் படமோ, சம்பளம் வாங்கிக்கொண்டு அதையே வேலையாகச் செய்யும் நிபுணர் அடித்தது. கேம்ஸ் ஒர்க்‌ஷாப் 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு கம்பெனிகள் பட்டியலில், அதுதான் எஃப்.டி.எஸ்.இ. 100, நுழைந்தது. பொம்மை விற்று அந்த உயரம்! இதில் அந்தச் சாளேஸ்வரத் தலைமுறையின் பர்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு என்று சொல்ல பி.காம். பட்டம்கூடத் தேவையில்லை. :-)

ஆனால் ஒரு வேடிக்கை. இதே கம்பெனியின் விதிப்படியே பார்த்தால், 2020-ல் வந்த வார்ஹாமர் 40,000 ஒன்பதாம் பதிப்பில், படை முழுவதும் 'பேட்டில் ரெடி' தரத்தில் பெயிண்ட் ஆகியிருந்தால் 10 புள்ளிகள். 2023-ல் வந்த பத்தாம் பதிப்பிலும் அப்படியே. பேட்டில் ரெடி என்றால் என்ன? முக்கியமான பகுதிகளுக்கு வர்ணம், கொஞ்சம் நிழல், அடித்தட்டு முடிந்திருக்க வேண்டும். முடிந்தது கதை. விழி வைத்தால் கூடுதலாக ஒரு புள்ளிகூடக் கிடையாது. பொம்மை விற்கிறவனே கேட்காத விழியை நீங்கள் ஏன் சார் உங்கள் மேல் சுமத்திக்கொள்கிறீர்கள்?

இங்கே ஒருவர் கையைத் தூக்குவார். "அப்ப நுணுக்கமே வேண்டாம்கிறியா? கலைன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?" வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? 1987-லிருந்து கோல்டன் டீமன் என்று இதற்கென்றே போட்டி நடக்கிறது. அங்கே நடுவர்கள் பொம்மையை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள். அது தனி வித்தை, வணங்குகிறேன். ஆனால் ஒலிம்பிக்கில் ஓடுகிறவன் பத்து வினாடிக்குள் நூறு மீட்டரைத் தாண்டுகிறான் என்பதற்காக யாராவது மெரீனாவில் வாக்கிங் போவதை நிறுத்துகிறார்களா? அந்தப் போட்டிக்கு ஒரு அளவுகோல், மேஜைக்கு ஒரு அளவுகோல். இரண்டையும் குழப்பியதுதான் பாவம்.

சரி, "கண்ணுக்குத் தெரியாத விழியை விடு, தெரிகிற சட்டை, தொப்பி, துப்பாக்கியே மங்கலாத் தெரியுதே" என்பவர்களுக்கு. அடுத்த திட்டு உங்களுக்குத்தான். கண்ணாடி போடுங்க சார்!

இதில் என்ன வெட்கம் என்று எனக்குப் புரியவே இல்லை. நகைப் பட்டறை ஆசாரி லென்ஸ் வைத்துப் பார்க்கிறார். வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணிலேயே ஒன்றைச் செருகி வைத்திருக்கிறார். நரம்பைத் தைக்கிற டாக்டர் பூதக்கண்ணாடி போட்டுக்கொண்டுதான் தைக்கிறார். அவர்களை எல்லாம் "கண்ணு போனவங்க" என்று யாரும் சொல்வதில்லை, "கைதேர்ந்தவங்க" என்கிறோம். பொம்மைக்காரர் கண்ணாடி போட்டால் மட்டும் கிழவராகிவிடுவாரா?

கண்ணாடி விஷயத்திலும் கணக்கு எளிது. வெள்ளெழுத்துக் கண்ணாடியின் பவரால் நூறைப் பாருங்கள், வகுத்தால் தூரம் வரும். +2.5 என்றால் 40 சென்டிமீட்டர், +4 என்றால் 25. தூரப் பார்வைக்குக் குறையில்லாத, சாளேஸ்வரம் முற்றிய கண் எங்கே வைத்தால் தெளிவாகப் பார்க்கும் என்பது இதிலிருந்தே தெரிந்துவிடும். தலையில் மாட்டும் பூதக்கண்ணாடியும் உண்டு. ஆப்டிவைசர் என்ற பிரபலமான ஒன்றில் இரண்டரை மடங்கு லென்ஸ் போட்டால் சுமார் 20 சென்டிமீட்டரில் வேலை செய்ய வேண்டும். பவர் கூடக் கூட முகம் பொம்மைக்குள் போகும், கழுத்து வலிக்கும். அதனால் எடுத்த எடுப்பிலேயே பெரிய பவர் வாங்க வேண்டாம்.

அதைவிட முக்கியம் வெளிச்சம். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதுக் கண்ணுக்குப் போகிற வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேருகிறது. பாவை சுருங்கிவிடும், லென்ஸ் மஞ்சளித்துவிடும். கருநீலத்துக்கும் கறுப்புக்கும் குழப்பம் வருவதும் இந்த மஞ்சளால்தான். காலேஜ் காலத்து டேபிள் லேம்ப்பையே வைத்துக்கொண்டு "கண்ணு போச்சு" என்றால் எப்படி? இன்னொரு விளக்கு வாங்குங்கள், பெயிண்ட் புட்டி மேல் பெயரைப் பெரிசாக எழுதி ஒட்டுங்கள்.

செய்முறையும் மாறியிருக்கிறது. கறுப்பு அடித்தளத்தின் மேல், காய்ந்த பிரஷ்ஷில் வெள்ளையை லேசாகத் தடவினால் மேடுகள் தானாக வெளுக்கும். அதன் மேல் 2019-ல் வந்த கான்ட்ராஸ்ட் மாதிரியான நீர்த்த பெயிண்ட்டை ஒரு கை பூசினால், பள்ளத்தில் தேங்கி நிழலாகும், மேட்டில் வழிந்து வெளிச்சமாகும். பாதி வேலையைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். கண் குழியில் ஒரு சொட்டுக் கரும்பழுப்பு விட்டால் போதும், மூணடியில் அது கண்தான். இன்னொன்று: சின்ன வேலைக்குச் சின்ன பிரஷ் என்று மூன்று சைபர் பிரஷ் வாங்குவது வீண். அது எடுக்கும் துளிப் பெயிண்ட் பொம்மைக்குப் போவதற்குள் காய்ந்துவிடும். நுனி கூர்மையான 1 அல்லது 2-ம் நம்பர் பிரஷ் போதும் என்பது அனுபவசாலிகள் திரும்பத் திரும்பச் சொல்வது.

"எதுக்கு இந்த வம்பு, காசு கொடுத்தா அடிச்சுத் தர ஆள் இருக்கே" என்பார் ஒருவர். உண்மைதான், கூலிக்குப் பெயிண்ட் அடிக்கும் தொழில் பெரிய தொழில். இலங்கையில் அடித்து இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் கூலிக்கு அடிக்கிறவருக்கும் ஒரு நாள் நாற்பது வயதாகும் இல்லையா? பொழுதுபோக்குக்காரர் பிரஷ்ஷைக் கீழே வைத்தால் ஞாயிற்றுக்கிழமை போகும். தொழிலாளி வைத்தால் சோறு போகும்.

நான் கோபப்படுவதன் உண்மையான காரணம் இதுதான். 2018-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. அஸ்ஸாமில் நாற்பது வயதைத் தாண்டிய தேயிலைத் தொழிலாளர்கள் 751 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலை, போடாதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. சரியாகச் சொன்னால் 21.7 சதவீதம். மருந்து இல்லை, ஆபரேஷன் இல்லை. ஒரு சாதாரணக் கண்ணாடி! உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அறிக்கை, சரியான கண்ணாடி இல்லாமல் கிட்டப் பொருள் தெரியாமல் தடுமாறுகிறவர்கள் 82 கோடிக்கும் மேல் என்கிறது.

அத்தனை பேர் கையில் கண்ணாடி கிடைக்காமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தைக்கிறார்கள், பின்னுகிறார்கள், கல் பொறுக்குகிறார்கள். பக்கத்துத் தெருவிலேயே கண்ணாடிக் கடை இருக்கிற, கையில் காசும் இருக்கிற ஒருவர் "வயசாயிடுச்சுப்பா" என்று பெருமூச்சு விட்டால் எனக்கு இரக்கம் வரமாட்டேன் என்கிறது. மன்னிக்கவும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்கிறேன். எல்லா மங்கலும் சாளேஸ்வரம் இல்லை. நேர்கோடு நெளிந்து தெரிந்தால், நடுவில் கறை மாதிரி மறைத்தால், ஓரப் பார்வை குறைந்தால் கடைக் கண்ணாடி உதவாது, உடனே கண் டாக்டரிடம் போக வேண்டும். கண்ணழுத்த நோய் சத்தமே இல்லாமல் வரும். நாற்பதுக்கு மேல் அவ்வப்போது கண்ணைப் பரிசோதித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். நிஜமாகவே பார்வை குறைந்தவர்களைப் பார்த்து நான் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் பெரிய பொம்மைக்கு மாறினாலும் சரி, வர்ணத்தை விட்டு விளையாட்டை மட்டும் வைத்துக்கொண்டாலும் சரி, அது அவர்கள் முடிவு.

கடைசியாக, என் வயதுக்காரர்களுக்கு. அந்த அங்கிள்கள் தங்கள் பொம்மையைப் போட்டோ எடுத்துப் போடும்போது, ஏழு மடங்கு பெரிசாக்கிப் பார்த்துவிட்டு "கோடு கோணலா இருக்கே அங்கிள்" என்று கிண்டல் அடிக்கிறீர்களே, அதை நிறுத்துங்கள். உங்கள் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டுதான் இருக்கிறது. இன்னும் இருபது, இருபத்தைந்து வருஷம்தான். போட்டோ போட்டால் பத்துப் பொம்மையை மேஜையில் வரிசையாக நிறுத்தி, மூணடி தள்ளி நின்று எடுத்துப் போடுங்கள். பார்க்கிறவர்களும் அப்படியே பார்க்கப் பழகட்டும்.

அங்கிள்களுக்கு: அந்த டப்பாவை இந்த ஞாயிற்றுக்கிழமை திறங்கள். வெல்ஸ் கணக்குப்படி உங்களுக்கு இன்னும் நூறு வருஷம் பாக்கி இருக்கிறது. :-)

மறுப்பு இருந்தால் பின்னூட்டத்தில் வாங்க, சண்டை போடலாம். பகடையை நான் கொண்டுவருகிறேன்.